ஞாயிறு சாயங்காலம், நாற்பது மீட்டர்

ஜூலை 9

அக்காவுக்கு,

உன் கார்டு வந்தது. எட்டு வருஷத்தில் நீ எழுதிய முதல் கார்டு, அதிலும் நாலே வரி. அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். கரண்ட் வைத்தும் கேட்கவில்லை. குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். 'உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்' என்று முடித்திருந்தாய். நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் இதுவரை கேட்கவில்லை, பார்த்தாயா.

நான் லிஃப்ட் ரிப்பேர் வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடியில், மோட்டார் அறையை ஒட்டி ஓர் அறை. எந்த மாடிக்காரர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்று மோட்டார் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

ஒன்று சொல்ல வேண்டும், சிரிக்காதே. போன வருஷம் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கிவிட்டேன். ஆமாம், அப்பாவின் அந்த ரேடியோப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைப்பேன் என்று கத்தினவனேதான். அதற்கு முன்னாலிருந்தே ஒரு பழைய ரிசீவர் வைத்திருக்கிறேன். அக்டோபர் கடைசியில் வரும் பெரிய போட்டியில் ஒவ்வொரு வருஷமும் அப்பாவின் குரலைத் தேடிப் பிடித்துக் கேட்பேன். எதற்கு என்று கேட்காதே. மனசுக்குள் திட்டுவதற்காகத்தான் ஆரம்பித்தேன்.

கூட வேலை பார்க்கிற பையன் கேட்டான், "என்னண்ணே போட்டி, ஓட்டப் பந்தயமா?" என்று.

"ரெண்டு நாள் ரேடியோ முன்னாடி உக்காந்து, உலகத்துல யார் கெடைச்சாலும் பேசணும். எத்தன பேரோ அத்தன பாயிண்ட்."

"என்ன பேசுவாங்க?"

"மொதல்ல அழைப்புக்குறி, அதான் பேரு மாதிரி. அப்புறம் அஞ்சு ஒன்பது, நீ பேசறது நல்லா கேக்குதுன்னு அர்த்தம். அப்புறம் ஒரு நம்பர், நீ எத்தனாவது ஆளுன்னு. முடிஞ்சுது."

"அவ்வளவுதானா? இதுக்கு எதுக்கு பேசணும்?" என்றான்.

ஆனால் எனக்கு அவ்வளவு போதும் அக்கா. 'இந்த வாயால அவன்கிட்ட இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்' என்று அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னவர் அவர். சொன்னால் சொன்னதுதான். ஆனால் போட்டியில் கூப்பிடுகிறவனுக்குப் பதில் சொல்லாமல் விட மாட்டார், அது எதிரியாகவே இருந்தாலும். அந்தக் குரல் போவதற்கு முன் ஒரே ஒரு தடவை எனக்கென்று அவர் 'ஐந்து ஒன்பது' சொல்ல வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஆபரேஷன் போட்டிக்கு முன்னாலா, பின்னாலா? எனக்கு மைக்கில் பேசிப் பழக்கமே இல்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்கிறவள் நீ. எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடு.

தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

நலம் விசாரிக்கவில்லை என்று குறைப்படுகிறாய். எட்டு வருஷமாக நீ ஒரு போன் செய்யவில்லை என்று நான் குறைப்பட்டேனா? செய்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம். "அவன்கூட போன்ல பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார் அப்பா. பண்ணினேன். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. விதியில் இல்லாததைச் செய்யலாம் என்பது அவரே போட்டிக்காகச் சொல்லிக் கொடுத்ததுதான். பதிலை என் லேப் முகவரிக்குப் போடு. யார் யார் வாய்க்கோ பல் செட் செய்து கொடுத்துக்கொண்டு அங்கேயேதான் இருக்கிறேன்.

ஆபரேஷன் நவம்பர் முதல் வாரம். டாக்டர் அதற்கு முன்பே தேதி கொடுத்தார். இவர் போட்டி முடிந்தபிறகு என்று கேட்டு வாங்கினார். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். நான்தான் அப்பாவைத் தடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தார் போல.

'நேரில் வா' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு நீ ஒரு தடவை வந்தது ஞாபகம் வந்தது. அவர் ரேடியோ அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நீ ஹாலில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, நான் போட்ட காப்பியைக் கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாய். கதவைத் தட்டக்கூட இல்லை. ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை நீங்கள். நடுவில் காப்பித் தம்ளரை எடுத்துக் கழுவினவள் நான்.

சரி, சொல்லிக் கொடுக்கிறேன். எனக்கு இதில் விருப்பமில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் ஒரு சின்னப் போட்டி இருக்கிறது. அப்பா அதில் கலந்துகொள்ள மாட்டார். செய்ய வேண்டிய தப்பையெல்லாம் அதில் செய்து தீர்த்துக்கொள். பிறகு எழுது.

அக்கா


ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

நீ சொன்ன மாதிரியே ஆயிற்று. ஒரு தப்பையும் பாக்கி வைக்கவில்லை.

மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை கம்பி இழுத்து ஆன்டெனா கட்டினேன். காலையில் ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, அப்பா கூப்பிடுவாரே, அதே மாதிரி 'யாராவது வாருங்கள், யாராவது வாருங்கள்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம், ஈ காக்கை வரவில்லை. கடைசியில் ஒருவன் வந்தான். சந்தோஷத்தில் எழுந்து நின்றேவிட்டேன். அவன் சொன்னது: "இது என் இடம், நகரு."

பிறகு ஒருவன் கிடைத்தான். மரியாதையாக வணக்கம் சொல்லி, என் பெயர் சொல்லி, இங்கே மழை பெய்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டான்.

லிஃப்ட் வேறு. கீழே யாராவது பொத்தானை அமுக்கினால் போதும், ஹெட்போனில் மாவு மிஷின் ஓடுகிற சத்தம். அது நிற்கும்போது எதிராளி நம்பர் சொல்லி முடித்திருப்பான். திருப்பிக் கேட்டால் எரிந்து விழுகிறான். நாள் முழுக்க உட்கார்ந்து நாலு பேர்.

அப்பா ஒரு மணி நேரத்தில் நூறு பேரைப் பிடிப்பார் இல்லையா? ரேடியோக்காரர்கள் அவரை 'மிஷின்' என்று சொல்வதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும் வருகிறது, ஆனால் அதில் கொஞ்சம் பொறாமையும் இருக்கிறது.

அவரைச் சுற்றி அவ்வளவு கூட்டம் கூப்பிடுமே. அதில் என் குரல் எங்கே எடுபடப் போகிறது?

தம்பி


செப்டம்பர் 7

தம்பிக்கு,

லேபில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். கையெல்லாம் பிளாஸ்டர் மாவு, காகிதத்தில் வெள்ளையாக இருந்தால் அதுதான்.

நீ செய்த முதல் தப்பு, கூப்பிட்டது. சின்ன ஸ்டேஷன்காரன் கூப்பிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது, தேடிக்கொண்டு போக வேண்டும். அலைவரிசையின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை மெல்லத் திருப்பிக்கொண்டே போ. கூப்பிட்டுக்கொண்டிருக்கிற ஒருவன் அகப்பட்டால் நில். உடனே வாயைத் திறக்காதே. அவன் அழைப்புக்குறி முழுசாகக் காதில் விழும் வரை கேள், எழுதிக்கொள். அடுத்த நம்பரை எப்போது கொடுக்கிறான், எங்கே மூச்சு விடுகிறான் என்று கவனி. பிறகு உன் அழைப்புக்குறியை ஒரே ஒரு தடவை முழுசாகச் சொல். பாதி சொல்லாதே, இரண்டு தடவை சொல்லாதே. பதில் வந்தால் ஐந்து ஒன்பது, உன் நம்பர், அவ்வளவுதான். மழையைப் பற்றி அவனுக்கென்ன?

ஒருவனைச் சுற்றிக் கூட்டமாக இருந்தால் அங்கேயே நின்று கத்திக்கொண்டிருக்காதே. குறித்து வைத்துக்கொண்டு அடுத்தவனைப் பார், கழித்து வா. புதுசாக வருகிறவர்கள் முதல் நாளே பெரிய ஆட்களோடு முட்டி மோதித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அதே பெரிய ஆட்கள், எல்லாரையும் பேசி முடித்துவிட்டு, புது ஆள் கிடைக்காதா என்று ஏங்கிப் போய் உட்கார்ந்திருப்பார்கள். ஈனக் குரலில் ஒருவன் கூப்பிட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். நீ அப்பாவிடம் வர வேண்டியது அப்போதுதான்.

எந்த அலைநீளத்து பேண்ட் என்பதும் முக்கியம். பகலில் அவர் இருபது மீட்டரில் தூரதேசத்துக்காரர்களோடு பேசுவார். அதில் உன் சத்தம் எங்கள் கூரைக்கு மேலே தாண்டிப் போய்விடும். ஞாயிறு சாயங்காலம் நாற்பது மீட்டருக்கு வருவார். உன் ஊருக்கும் நம் வீட்டுக்கும் இருக்கிற தூரத்துக்கு அதுதான் சரி. லிஃப்ட்டை நீ என்ன செய்வாயோ தெரியாது.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேள். 'அப்பா' என்று சொல்லாதே. பெயரைச் சொல்லாதே. குரலைக் கண்டுபிடித்தால் அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவார். நம்பரைத் திருப்பிக் கேட்டால் நம்பரை மட்டும் சொல், அதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம். முடிந்ததும் அந்த இடத்தை விட்டு உடனே நகர்ந்துவிடு. தயங்கி நின்றால் ஏதாவது பேசத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடு.

இங்கே இன்னொன்று நடக்கிறது. போன வாரத்திலிருந்து அவர் வீட்டில் பேசுவதில்லை. மிச்சமிருக்கிற குரலைப் போட்டிக்காகச் சேர்த்து வைக்கிறாராம். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். நேற்று ரசத்தில் உப்பு குறைவு என்று எழுதினார். நான் பேசுகிறேன், அவர் எழுதுகிறார். முன்பாவது "பெரியவளே" என்று கூப்பிடுவார். அதுவும் எத்தனையோ நாளாக இல்லை, உப்பு குறைவு என்று எழுதுகிறவருக்குக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. யாரோ முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்காகச் சேர்த்து வைத்த குரலில் எனக்குப் பங்கு இல்லை.

உனக்கு ஒரு துளி கிடைக்கலாம். பழகிக்கொள்.

அக்கா


அக்டோபர் 8

அக்காவுக்கு,

பழகிவிட்டேன். வேலை முடிந்து வந்து தினமும் உட்கார்கிறேன். தேடிப் போய்ப் பிடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்கு மேல் கிடைத்தார்கள். பேச ஒன்றுமில்லாத ஆட்களிடம் பேசுவது இவ்வளவு சுலபம் என்று தெரியாது. யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை விடமாட்டேன் என்கிறது. ஒரு ஸ்டேஷனைப் பிடித்துவிட்ட குஷியில் இருந்தபோது, கீழே யாரோ லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு அலாரத்தை அழுத்தியிருக்கிறார்கள். எனக்குக் காதில் விழவே இல்லை. காவலாளி மேலே ஏறி வந்து தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒரு அம்மா, காய்கறிப் பையோடு. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திட்டிக்கொண்டே வெளியே வந்தவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் டூல் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு நான்தானே முதலில் வீட்டுக்கு வந்தேன். சமையலறையில் அம்மா விழுந்து கிடந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் குரல், ஐந்து ஒன்பது, ஐந்து ஒன்பது. அம்மா கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டிருக்க மாட்டாளா? நான் சொன்னதில் என்ன பொய்? பாயிண்டுக்காக அம்மாவைக் கொன்றார் என்றேன். அந்த ஹெட்போன் தலையில் இல்லாவிட்டால் அவள் இருந்திருப்பாள்.

இப்போது அதே மனுஷரிடம் ஒரு நம்பர் வாங்குவதற்காக நான் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பார்த்தால் பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

தம்பி


அக்டோபர் 15

தம்பிக்கு,

விட்டுவிடு. யார் உன்னை வற்புறுத்தினார்கள்?

ஆனால் அம்மாவைப் பற்றி எழுதிவிட்டாய், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். டாக்டர் அன்றைக்கே சொன்னார், பக்கத்தில் நின்றிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, நெஞ்சில் ஒரே அடி என்று. அதைக் கேட்க நீ இல்லை. எல்லார் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அந்த வார்த்தையோடு ஒரே வீட்டில் குடியிருந்தவள் நான்.

டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. நீ சொன்னதைத்தான் நம்பினார். அதற்கப்புறம் அவர் ஹெட்போனை ஒரு காதில்தான் வைத்துக்கொள்கிறார். வலது காதைத் திறந்தே வைத்திருப்பார், சமையலறைப் பக்கத்துக் காது. நீ வந்த அன்றைத் தவிர அறைக் கதவையும் சாத்துவதில்லை. பாத்திரம் கீழே விழுந்தால் போட்டியைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வருவார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு காதால் கேட்பதில் எத்தனை பேரைத் தவற விட்டிருப்பார் என்பதை, இதைக் கற்றுக்கொண்ட நீயே கணக்குப் போட்டுக்கொள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். லேபில் ஒரு பல் செட்டை இன்றைக்கு உடைத்தேன்.

அக்கா


அக்டோபர் 30

அக்காவுக்கு,

நடந்தது உனக்குத் தெரியும், பக்கத்தில்தான் இருந்தாய். என் பக்கத்தை எழுதுகிறேன்.

ஞாயிறு மத்தியானமே லிஃப்ட்டை நிறுத்தி, எல்லா மாடியிலும் 'பழுது' என்று அட்டை மாட்டிவிட்டேன். என் வேலையில் இவ்வளவு வருஷத்தில் நானே செய்த முதல் பழுது. ஆறாவது மாடித் தாத்தா மூச்சு வாங்க ஏறி வந்து, "எப்பப்பா சரியாகும்?" என்றார். "சாயங்காலம் ஆயிடும் ஐயா, சாமான் வரணும்" என்றேன். என்ன சாமான் என்று கேட்காமல் போனார், நல்ல மனுஷர்.

இருட்டுகிற நேரத்துக்கு நாற்பது மீட்டரில் அவர் கிடைத்தார். முதலில் அவர்தான் என்று தெரியவில்லை அக்கா. அழைப்புக்குறி அவருடையது, குரல் யாரோ ஒருவருடையது. உப்புத்தாளைத் தேய்க்கிற மாதிரி. ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் நிறுத்தி விழுங்குகிறார். நீ சொன்னபடி நான் வாயைத் திறக்காமல் கேட்டேன். நாலைந்து பேர் போன பிறகு ஒரு இடைவெளி வந்தது. ஒரே ஒரு தடவை சொன்னேன். அதே நேரத்தில் கூப்பிட்ட வேறு ஒருவன் என் குரல்மேல் ஏறி மிதித்துவிட்டான். அவன் போகும் வரை பொறுத்து, மறுபடி சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கழற்றி வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு என் அழைப்புக்குறியை முழுசாகச் சொன்னார். ஐந்து ஒன்பது, நானூற்றுப் பதினாறு.

நான் ஐந்து ஒன்பது, என் நம்பர் முப்பத்தொன்று என்றேன். 'மறுபடி' என்றார். சொன்னேன். மறுபடி கேட்டார். கத்தினேன். மூன்றாவது தடவையும் கேட்டார். நம்பரை மட்டும்தான் சொன்னேன், ஒரு எழுத்து கூடுதலாகச் சொல்லவில்லை. 'நன்றி' என்றார். நான் உடனே ரேடியோவை அணைத்துவிட்டு, தாத்தா காத்திருப்பாரே என்று லிஃப்ட்டைப் போட ஓடினேன்.

கிடைத்துவிட்டது, கேட்டது கிடைத்துவிட்டது. மோட்டார் அறையில் நின்றுகொண்டு அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் வர வர ஒன்று அரிக்கிறது. ஐந்து ஒன்பது என்றால் நன்றாகக் கேட்கிறது என்று அர்த்தம். கேட்கிறதென்றால் எதற்கு மூன்று தடவை? போட்டியில் எல்லாருக்கும் ஐந்து ஒன்பதுதான் கொடுப்பார்கள், காதில் விழாதவனுக்கும் கூட. எனக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறார். அவருக்கு நான் இரைச்சலுக்கு நடுவில் நம்பர் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு கத்துக்குட்டி. என் ஆன்டெனா போதவில்லை. அவருக்கு என்னைத் தெரியவே இல்லை.

அதுதானே திட்டம் என்று நீ சொல்வாய். ஆமாம், அதுதான் திட்டம். ஆபரேஷன் முடிந்ததும் எழுது.

தம்பி


நவம்பர் 14

தம்பிக்கு,

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாகத்தான் மூச்சு. வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி இறங்குகிறது. குரல் இனி இல்லை. இருமினால் கூடக் காற்றுச் சத்தம்தான் வருகிறது. ரேடியோ அறைப் பக்கம் போகவே இல்லை. குரல் இல்லாமல் தந்தி மாதிரி மோர்ஸ் தட்டலாம் என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் வந்து சொன்னார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு ஆஸ்பத்திரி மட்டும் காரணம் இல்லை. எழுதலாமா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. எழுதாமல் இருந்தால் நீ அவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே இருப்பாய். எழுதினால் அதைவிட மோசம். ஆனால் அவர் இப்போது நினைத்துக்கொண்டிருப்பதை மாற்ற உன்னால்தான் முடியும், அதனால் எழுதுகிறேன்.

உன் சத்தம் அடுத்த அறையிலிருந்து பேசுவது மாதிரி கேட்டது. என் ஹெட்போனிலும் அதேதான் வரும், எனக்குத் தெரியாதா? சத்த அளவைக் காட்டுகிற முள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய் நின்றது. அன்றைக்கு முழுக்க அவ்வளவு தெளிவாக வேறு யாரும் கேட்கவில்லை. முதல் தடவையே முப்பத்தொன்று என்று நான் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டேன். அப்பா திரையைப் பார்த்தார், நம்பர் இருக்கிறது. பார்த்துவிட்டு 'மறுபடி' என்றார். நான் திரையைச் சுட்டிக் காட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார். அன்று வலது காதிலும் ஹெட்போனை இழுத்து வைத்துக்கொண்டார், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

மூன்று தடவை கேட்டதற்கு ஆன்டெனா காரணம் இல்லை. போட்டியில் ஒருவனிடமும் அவர் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இரண்டு மாதமாகச் சேர்த்து வைத்த குரலை உன்னைப் பேச வைப்பதற்குச் செலவு செய்தார்.

நீ நம்பரை மட்டும் சொன்னாய். நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

'நன்றி' என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. மைக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று பேர் அவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், நம் பாஷையில் கேட்டார். "சின்னவனே, இருக்கியா?"

காத்திருந்தார். மறுபடி கேட்டார். "சின்னவனே."

தூரதேசத்துக்காரன் ஒருவன் தன் அழைப்புக்குறியைச் சொன்னான். அப்பா கொஞ்ச நேரம் பொறுத்து, அவனுக்கு ஐந்து ஒன்பது கொடுத்தார், நம்பர் கொடுத்தார். குரல் பாதியில் நின்று நின்று வந்தது. அவன் போனதும் ரேடியோவை அணைத்துவிட்டார். போட்டி முடிய இன்னும் நிறைய நேரம் இருந்தது. அதற்கப்புறம் ஆபரேஷன் வரை அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவர் கடைசியாகக் கூப்பிட்டது உன்னை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை அல்ல. அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

நேற்று சிலேட்டில் எழுதினார்: 'நான் கூப்பிட்டத அவன் கேட்டுட்டுதான் போயிட்டான்.'

"இல்லப்பா, நான்தான் உடனே நகந்துடணும்னு சொல்லிக் குடுத்தேன். அவன் கேக்கவே இல்ல" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கடிதங்கள், லைசென்ஸ், எல்லாம். அவர் சிலேட்டை அழித்தார். பிறகு எழுதினார்: 'நீ அவனுக்குப் பரிஞ்சு பேசாத.'

நான் சொன்னால் நம்ப மாட்டார். இத்தனை வருஷமாக என்னை நம்பித்தான் வீட்டில் எல்லாம் நடக்கிறது, இதை மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார்.

அக்கா


நவம்பர் 19

அக்காவுக்கு,

கடிதத்தை மோட்டார் அறையில் வைத்துப் படித்தேன். நாலைந்து தடவை படித்தேன். கீழே யாரோ கதவைத் தட்டித் திட்டிக்கொண்டிருந்தார்கள். படிப்பதற்காக லிஃப்ட்டை நிறுத்தினவன் திரும்பப் போட மறந்திருக்கிறேன்.

உன்மேல் தப்பு இல்லை. நீ சொல்லிக் கொடுத்ததில் ஒன்றும் தப்பில்லை, எந்தப் புது ஆளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். நான்தான் ரேடியோவைப் பற்றி மட்டும் கேட்டேன். எழுதிய அத்தனை கடிதத்திலும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறேனா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. நீ எப்படி இருக்கிறாய், அக்கா? பதில் எழுத வேண்டாம், நேரில் சொல்.

அவர் பேச வேண்டும், அவர் பேச வேண்டும் என்றே எட்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பேச மாட்டேன் என்று சத்தியம் பண்ணினது அவர். நான் ஒரு சத்தியமும் பண்ணவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு எழுந்து போய்க் கதவைத் தட்டியிருக்கலாம், உள்ளே இருந்து அவர் கேட்டிருப்பார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அவரிடம் முன்கூட்டிச் சொல்லாதே. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளட்டும், கதவுக்கு வெளியில் நின்று பேசுகிறேன். என்ன பேச வேண்டும் என்று இந்தத் தடவை நீ எழுதி அனுப்பாதே. எனக்கும் இன்னும் தெரியவில்லை. அவர் கூப்பிட்டார், நான் பதில் சொல்லவில்லை. அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தம்பி